ஊருபம்பாப் பள்ளத்தாக்கு: அரசர் தோட்டமும் ஆட்கணக்கும்

தென் அமெரிக்காவில் பெரு தேசத்தின் மலைப்பகுதியில், குஸ்கோ நகரத்திற்கு வடக்கே, ஊருபம்பா என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கொன்று உளது. பிரயாணப் புத்தகம் எழுதுவோர் அதனை ‘இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு’ என்று அழைக்கின்றனர். இப்பெயர் இன்கா மன்னர் இட்டதன்று. சென்ற நூற்றாண்டில் பிரயாணிகளைக் கவரும் பொருட்டுப் பரவிய பெயராகும். புனிதம் என்னும் சொல் எங்கே ஒட்டப்பட்டிருந்தாலும், அதனைச் சற்றே தூக்கி அடியில் என்ன இருக்கிறதென்று பார்ப்பது இப்பத்திரிகை நேயர்களின் பழக்கம். ஆதலின் யாம் அப்பள்ளத்தாக்கில் கழித்த ஒன்பது நாட்களில் கண்டவற்றையும், கண்டவிடத்து எமக்குத் தோன்றியவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

குஸ்கோ கடல்மட்டத்திற்கு மேல் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. தலைநகராகிய லீமாவோ கடற்கரைப் பட்டினம். அங்கே ஏறிய ஆகாய விமானம் ஒன்றரை மணி நேரத்திற்குள் மனிதனை அவ்வுயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆனால் நுரையீரல் அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. விடுதியின் பன்னிரண்டு படிகளை ஏறியதும் யாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டோம். விடுதிக்கார அம்மையார் சிரித்துக்கொண்டே கோக்கா இலை போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்விலையைக் கொடுப்பில் அடக்கிக்கொண்டு மலைவாசிகள் நாள் முழுவதும் பாரஞ் சுமக்கின்றனர். அந்நாட்டில் அது கடைச்சரக்கு. நமது நாட்டில் அதன் ஒரு பொட்டலம் பையில் அகப்பட்டாலும் வழக்கு வேறாகிவிடும் ஆதலின், குடித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

பள்ளத்தாக்கு என்றவுடன் தாழ்ந்த இடத்தை நினைக்க வேண்டா. பிசாக் என்னும் ஊரிலிருந்து ஒல்லந்தாய்தாம்போ என்னும் ஊர்வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அதன் தரையே 2,800 முதல் 3,000 மீட்டர் உயரமுடையது. கேமரன் மலையில் மோட்டார் வண்டி எட்டும் உச்சியாகிய பிரிஞ்சாங், அந்தத் தரைக்கும் 800 மீட்டர் அளவு கீழே நிற்கும். இருபுறமும் செங்குத்தான மலைகள்; அவற்றின் பின்னே பனிமூடிய சிகரங்கள். யாம் சென்றது ஜூலை மாதம். மழையில்லாத பருவம். பகலில் வெயில் தோலைச் சுடுகிறது. இரவில் வாளித் தண்ணீரின்மேல் பனிக்கட்டி படர்கிறது. சாலையோரத்தில் பெண்கள் அவித்த சோளக்கதிரையும் பாலாடைக்கட்டித் துண்டையும் விற்கின்றனர். அந்தச் சோளத்தின் ஒரு மணி எமது கட்டைவிரல் நகத்திலும் பெரிது. உப்புப் போடாமலேயே தின்னலாம்.

அவ்வாறு வடமேற்கே பாய்ந்து உக்காயாலியில் கலந்து, அமேசானாகிக் கிழக்குக் கடலைச் சேர்கிறது. அமேசான் காட்டிலிருந்தே 1876-இல் ரப்பர் விதை லண்டனுக்குப் போயிற்று. 1877-இல் அதன் கன்றுகள் 22 சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர் நம் பாட்டன்மார் கப்பலேறினர். நாம் அன்றாடம் குழம்பிலிடும் மிளகாயும் அக்கண்டத்துச் சரக்கே. மலைக்காய்ச்சலுக்கு நம்மவர் விழுங்கிய கொயினா, அம்மலைகளின் சிங்கோனா மரப்பட்டையில் எடுத்தது. 1860-இல் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் அதன் கன்றுகளைப் பெருவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோனார். முன்பின் அறியாத தேசமென்று எண்ணிப் போன எமக்கு, பாதி அடுக்களையும் முழுத் தோட்டமும் அங்கிருந்து வந்தவை என்று நினைவு வந்தபொழுது, வேற்றிடம் என்னும் கூச்சம் குறைந்துவிட்டது.

முதலில் பிசாக். ஊருக்கு மேலே மலையின் தோள்களைச் சுற்றிப் படிவயல்கள் வளைந்து இறங்குகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சீப்பால் மலையை வாரிவிட்டாற்போல் இருக்கும். அருகே போனால் ஒவ்வொரு படியும் ஆள் உயரத்துக் கற்சுவர். சுவருக்குள்ளே அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றிற்கும் மேலே நல்ல மண் என்று அடுக்கியிருக்கின்றனர். மழைநீர் தேங்காமல் இறங்கும், சுவர் வெடிக்காது. பகலில் வெயிலை வாங்கிக்கொண்ட கல் இரவில் அதனை மெல்லக் கக்குவதால் வேர் உறைபனியில் கருகாது. வடிகால் வெட்டத் தெரியாமல் வருடந்தோறும் மண்ணை ஆற்றில் விடும் தோட்டங்களைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய விருந்து.

வழிகாட்டியாக வந்த இளந்தோழர் எம்மை ஒரு படியின் ஓரத்தில் உட்காரவைத்து, “இதற்கு இரும்பில்லை” என்றார். உண்மை. இன்காக்கள் இரும்பை அறியார். பாரமிழுக்கும் மாடோ குதிரையோ அவர்களிடம் இல்லை. சக்கரம் பூட்டிய வண்டியும் இல்லை. லாமா என்னும் பிராணி 25 அல்லது 30 கிலோவுக்கு மேல் சுமக்காது. மிஞ்சி ஏற்றினால் படுத்துக்கொள்ளும். ஆகவே அந்த மலையில் இருக்கும் கல்லும் மண்ணும், அடுக்கு அடுக்காக அத்தனையும், மனித முதுகில் ஏறியவை.

பிசாக் யாருடையது என்று கேட்டோம். அரசருடையது என்றார். சரித்திர ஆராய்ச்சியாளர் கூறுவதும் அதுவே. பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா அரசைப் பேரரசாக்கிய பச்சாகூத்தி என்பவருக்குப் பிசாக்கும் ஒல்லந்தாய்தாம்போவும்; அவர் மகன் தோபா இன்காவுக்குச் சின்செரோ; பேரன் ஹுவாய்னா காப்பாக்குக்கு யூக்காயும் இன்றைய ஊருபம்பா ஊரை ஒட்டிய நிலங்களும். ஒவ்வோர் அரசரும் இப்பள்ளத்தாக்கில் தமக்கென ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதும் ஆசிரியர்கள் இவற்றிற்கு வழங்கும் சொல் ‘எஸ்டேட்டு’ என்பது. அச்சொல்லைக் கண்டதும் யாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்றுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டு என்பது இன்னதென்று எமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. யாம் பிழைப்பது தோட்டக் கிராணி வேலையில். விடியுமுன் பெரட்டுக்களத்தில் தண்டல் பெயர் கூப்பிட, வந்தவர் வராதவர் என்று குறித்து, ஆளுக்கு இத்தனை குலை, நிரைக்கு இத்தனை ஆள் என்று கூட்டிக் கழிப்பதே எமது நாள். ஆகவே அன்று முதல், கோயிலையும் மாளிகையையும் காட்டும்பொழுதெல்லாம், பெரட்டு எங்கே கூடிற்று, யார் பெயர் கூப்பிட்டார், யார் குறித்தார் என்றே எம் மனம் கேட்டுக்கொண்டிருந்தது.

யூக்காய்த் தோட்டத்தின் கதை முழுவதையும் சொல்லத்தான் வேண்டும். ஹுவாய்னா காப்பாக் ஆற்றின் வளைவுகளை நேராக்கி, கரை கட்டி, சதுப்பை வயலாக்கினார் என்று பெத்தான்சோஸ் என்னும் ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். அவ்வேலைக்கும் அதன்பின் சாகுபடிக்கும் பேரரசின் பல மூலைகளிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றினர். இப்படிப் பெயர்க்கப்பட்டவருக்கு ‘மித்மா’ என்று பெயர். 1533-இல் குஸ்கோ பிசாரோ கூட்டத்தார் கையில் வீழ்ந்தபின், பிசாரோ யூக்காயைத் தமக்கே வைத்துக்கொண்டார். பிறகு அது இன்கா வம்சத்துச் சாய்ரி தூபாக்கிடம் சமாதான விலையாக வந்தது. அவர் இறந்தபின் அவர் மகள் பெயாத்ரிசுக்குப் போயிற்று. அப்பெண்ணை மார்த்தீன் கார்சியா தே லொயோலா என்னும் ஸ்பானியத் தளபதிக்குக் கொடுத்தனர். அவர் யாரெனில், 1572-இல் அப்பெண்ணின் சிற்றப்பனும் கடைசி இன்கா அரசருமாகிய தூபாக் அமாருவைப் பிடித்துக் கொண்டுவந்தவர். குஸ்கோ சதுக்கத்தில் அவ்வரசரின் தலை வெட்டப்பட்டது. தோட்டத்தோடு பெண்ணும், பெண்ணோடு தோட்டமும் பரிசாயின. இத்தனை கைமாற்றத்திலும் வயலில் நின்றவன் மட்டும் மாறவில்லை என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. இன்கா அரசர் இறந்தால் அவருடைய நிலம் அடுத்த அரசருக்குப் போகாது. இறந்தவருடைய உடலை உலரவைத்து, உடுத்தி, உட்காரவைத்து, நாள்தோறும் முன்னே உணவு படைத்து, அந்த உடலின் பெயராலேயே அவர் வழியினர் நிலத்தை ஆண்டு அனுபவிப்பர். புதிய அரசர் புதிய நிலம் தேடிக்கொள்ள வேண்டும். 1559-இல் போலோ தே ஒந்தெகார்தோ என்னும் அதிகாரி அவ்வுடல்களைத் தேடிப் பிடித்து எடுத்துச்சென்றபொழுது, அவர் உடைத்தது விக்கிரகத்தை மட்டுமன்று, அது பட்டாவுங்கூட. பிணத்திற்குச் சோறூட்டிப் பிழைத்தவர் அங்கும் இருந்தனர் என்று எழுதினால் இப்பத்திரிகை நேயர்கள் வியப்படையமாட்டார்கள்.

இனி, கணக்கு. எமக்கு மிக்க மகிழ்ச்சியையும் மிக்க கலக்கத்தையும் ஒருங்கே தந்தது அதுவே. ஆதலால் சற்று விரித்தே எழுதுகிறோம்.

இன்காக்களுக்கு ஏட்டில் எழுதும் எழுத்து இல்லை. ஆனால் ‘கிப்பு’ என்னும் முடிச்சுக் கயிறு இருந்தது. குஸ்கோ நகரத்து அரும்பொருட்காட்சிசாலை ஒன்றில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டோம். ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் பல சிறுகயிறுகள், பழுப்பு, வெள்ளை, மங்கிய நீலம் என்று நிறம் வேறுபடும். 1912-இல் லாக் என்னும் அமெரிக்கர் அம்முடிச்சுகளின் எண்முறையை விடுவித்தார். நம்மைப்போலவே பத்துப் பத்தாக எண்ணியிருக்கின்றனர். கயிற்றின் நுனிப்பக்கம் ஒன்றாமிடம். அதற்கு மேலே பத்தாமிடம். அதற்கும் மேலே நூறாமிடம். 347 என்று குறிக்க வேண்டுமாயின், மேலே மூன்று ஒற்றை முடிச்சு. நடுவில் நான்கு ஒற்றை முடிச்சு. கீழே ஏழு சுற்றுடைய ஒரு நீண்ட முடிச்சு. ஓரிடத்தில் ஒன்றுமில்லையெனில் அவ்விடத்தை முடிச்சில்லாமல் விட்டுவிடுவர். சூனியம் வெறுங்கயிறாய்த் தொங்கும். சில கிப்புகளில் தனியே ஒரு கயிறு மற்றவற்றின் கூட்டுத்தொகையைத் தாங்கி நிற்கும். எம்மைப் போன்றவருக்கு அதைக் கண்டவுடன் விளங்கிவிட்டது. பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் யாம் போடும் கூட்டல்தான் அது.

2005-இல் அர்ட்டன், பிரெசின் என்னும் இரு ஆராய்ச்சியாளர் லீமாவை அடுத்த புருச்சூக்கோ என்னும் இடத்தில் அகப்பட்ட ஏழு கிப்புகளை ஒப்பிட்டு ஒரு செய்தி வெளியிட்டனர். அவை மூன்று படிகளாக அமைந்தவை. கீழ்ப்படிக் கயிறுகளின் எண்கள் கூட்டப்பட்டு நடுப்படிக் கயிற்றிலும், நடுப்படியின் எண்கள் கூட்டப்பட்டு மேற்படிக் கயிற்றிலும் காணப்பட்டன. ஒரே படியில் உள்ள கிப்புகள் ஒன்றற்கொன்று சரிபார்க்கும் நகலாகவும் இருந்தன. அதாவது, டிவிஷன் கிராணியின் கணக்கு பெரிய ஆபீசுக்கு ஏறி, பெரிய ஆபீசிலிருந்து கம்பெனிக்கு ஏறுவதுபோல. பத்துக் குடிக்கு ஒருவன், நூறு குடிக்கு ஒருவன், ஆயிரத்துக்கு ஒருவன், பதினாயிரத்துக்கு ஒருவன் என்று அதிகாரிகள் இருந்தனர். கயிற்றுக் கணக்கருக்குக் ‘கிப்புக் காமயோக்’ என்று பெயர். மை வேண்டா, காகிதம் வேண்டா. ஒரு பேரரசு முழுவதும் ஒரு மூட்டைக் கயிற்றில் அடங்கிற்று. கண்ணாடியின் முன்னே யாம் தொழிற்பெருமை கொண்டு நின்றது உண்மை.

ஆனால் எதை எண்ணினர்? முதன்மையாக ஆள்வேலையை எண்ணினர். இன்கா அரசில் நாணயம் இல்லை. வரி என்பது உழைப்பு. முறை வைத்து ஒவ்வொரு குடியிலிருந்தும் ஆள் போக வேண்டும். அம்முறைக்கு ‘மீத்தா’ என்று பெயர். போனவனுக்கு அரசு உணவும் சோளக்கள்ளும் கொடுத்தது. அவன் வயலை ஊரார் பார்த்துக்கொண்டனர். இதனை அறிந்த சிலர் இன்கா அரசைச் சமதருமப் பொன்னுலகமென்று புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். எமக்கு அது ஒப்பவில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டு வாங்கினாலும், மறுக்க முடியாத வேலை மறுக்க முடியாத வேலையே. எனினும் பின்னால் வந்ததைப் பார்க்குங்கால் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1573-இல் வைஸ்ராய் தொலேதோ அதே மீத்தா என்னும் பெயரை வைத்துக்கொண்டு, தெற்கு மலைநாட்டு மாகாணங்களின் ஆடவரில் ஏழில் ஒரு பங்கினரை ஆண்டுதோறும் பொதோசி வெள்ளிச் சுரங்கத்திற்கு ஓட்டினார். சோறும் போயிற்று, வயலைப் பார்ப்பாரும் போயினர், பெயர் மட்டும் நின்றது. 1812 வரை அது சட்டத்தில் இருந்தது.

கணக்கு ஆண்டவனுக்கே உதவும் என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. லீமாவுக்குக் கிழக்கே ஹௌஹா என்னும் மலைநாட்டில் வாங்கா என்னும் மக்கள் இருந்தனர். அவர்கள் 1533 முதல் ஸ்பானியப் படைக்குக் கொடுத்த தானியம், துணி, லாமா, சுமையாள் ஆகிய யாவற்றையும் முடிச்சிட்டு வைத்திருந்தனர். தாமாகக் கொடுத்தவை ஒரு கயிறு. தம்மிடமிருந்து பறிக்கப்பட்டவை வேறு கயிறு. 1561-இல் அக்கயிறுகளை லீமா நீதிமன்றத்திற்குக் கொண்டுவந்து, கணக்கர் வாயால் படித்து, எழுத்தர் கையால் எழுதுவித்து ஈடு கேட்டனர். ‘இத்தனை பேரை அழைத்துப் போனீர், இத்தனை பேர் திரும்பவில்லை’ என்பது போன்ற கணக்கு. பறித்ததற்குத் தனிப்பத்தி போட்டு வைத்த அந்தக் கணக்கரை நினைக்குந்தோறும் எமக்கு உடல் சிலிர்க்கிறது. எமது புத்தகங்களில் அப்படி ஒரு பத்தி இல்லை.

1583-இல் லீமாவில் கூடிய பாதிரிமார் சபை, பழைய வழிபாட்டைத் தாங்கும் கிப்புகளை அழிக்கும்படி கட்டளையிட்டது. அதே சபை செய்த இன்னொன்று: ஸ்பானியம், கெச்சுவா, ஐமாரா ஆகிய மூன்று மொழிகளில் வேதபோதனைப் புத்தகம் ஆக்குவித்து 1584-இல் அச்சிட்டது. தென் அமெரிக்காவில் அச்சேறிய முதற்புத்தகம் அதுவே. தமிழ் எழுத்தில் முதலில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளியானது. அதுவும் பாதிரிமார் வேதபோதனையே. ஆறே ஆண்டு இடைவெளியில், இரு பெருங்கடலுக்கு இப்பாலும் அப்பாலும், இரண்டு மொழிகள் ஒரே வகையான கையால் அச்சில் ஏறின. நம் மொழி அதற்குப் பின்னர்த் தன் காலில் நடந்து, இன்று வாரப் பத்திரிகையில் இக்கட்டுரை வரைக்கும் வந்துவிட்டது. கெச்சுவாவுக்கு அப்படி வாய்க்கவில்லை. 1780-இல் இரண்டாம் தூபாக் அமாரு என்று பெயர் பூண்டு கிளர்ச்சி செய்தவர் அடுத்த ஆண்டு மே மாதம் குஸ்கோ சதுக்கத்தில் கொல்லப்பட்டபின், அம்மொழியையும் அம்மக்களின் உடையையும் ஒடுக்க ஸ்பானிய அரசு முனைந்தது. 1975-இல்தான் பெரு தேசம் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கிற்று. 2017-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அந்நாட்டில் 37 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கெச்சுவாவைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். எம் வழிகாட்டித் தோழரிடம், “வீட்டில் என்ன பேசுவீர்?” என்றோம். “அம்மாவிடம் கெச்சுவா, மனைவியிடம் ஸ்பானியம், மகளிடம் ஸ்பானியமும் கொஞ்சம் ஆங்கிலமும்” என்றார். இந்த வாக்கியத்தைத் தமிழ் நேயர்களுக்கு விளக்கவேண்டிய அவசியமில்லை.

மராஸ் என்னும் ஊரின் உப்பளத்தைச் சொல்லாமல் போகலாகாது. மலைக்குள்ளிருந்து உப்பு ஊற்றொன்று மெல்லிய வாய்க்காலாய் வெளிவருகிறது. சரிவு முழுவதும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட சிறு பாத்திகள் வெள்ளையாய் இறங்குகின்றன. பாத்திகள் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொந்தம். முறைவைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டு, வெயிலில் வற்றவிட்டு, உப்பை வாருகின்றனர். ஒரு துரை இல்லை. அரசருக்கும் வைஸ்ராய்க்கும் பிழைத்து அது நிற்கிறது. அருகே மோராய் என்னுமிடத்தில் வட்ட வட்டமான படிவயல்கள் கிணறுபோல் இறங்குகின்றன. பயிர்களைச் சோதித்துப் பார்த்த இடம் என்பர் சிலர், வேறு கூறுவாரும் உளர். பிரயாணிகள் அங்கே படம் எடுக்கும் நேரத்தில் பாதியாவது உப்பளத்தில் வாரும் பெண்களோடு பேசலாம்.

ஒல்லந்தாய்தாம்போ பள்ளத்தாக்கின் மேற்கு வாயில். ஊர்த் தெருக்கள் இன்கா காலத்தவை. தெருவோரம் கற்கால்வாயில் மலைநீர் சலசலத்து ஓடுகிறது. பழைய சுவர்களுக்குள்ளேயே இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். 1537-இல் மாங்கோ இன்கா என்பவர் இவ்விடத்தில் ஸ்பானியக் குதிரைப்படையை எதிர்த்து, ஆற்றைத் திருப்பி விட்டு வயலைச் சேறாக்கி, அவர்களைப் புறங்காட்டச் செய்தார். பெரு சரித்திரத்தில் ஸ்பானியர் தோற்றோடிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று. ஆயினும் பிரயாணிகள் ஏறிப்போய்ப் பார்ப்பது மேலேயுள்ள ஆறு பெருங்கற்களைத்தான். இளஞ்சிவப்பு நிறம்; ஆளைப்போல் இருமடங்கு உயரம்; ஒவ்வொன்றும் பல பத்து டன் எடை. அவற்றின் சுரங்கம் ஆற்றுக்கு எதிர்க்கரையில், நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால், மலைமேல் உள்ளது. அங்கே பிளந்து, கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மலையேற்றியிருக்கின்றனர். வழியில் நின்றுபோன கற்கள் சில இன்றும் வயல்களின் நடுவே கிடக்கின்றன. ஊரார் அவற்றை ‘களைத்த கற்கள்’ என்கின்றனர். கல்லா களைக்கும்? களைத்தவனின் பெயர் தெரியாமற் போனதால் களைப்பைக் கல்லின்மேல் ஏற்றிச் சொல்லுகிறார்கள் போலும்.

அவ்வூருக்கு மேலேயுள்ள சிற்றாற்றங்கரைக் கிராமம் ஒன்றில், வழிகாட்டித் தோழரின் உறவினராகிய மூதாட்டி ஒருவர் எமக்கு உருளைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். ஊதா, மஞ்சள், கறுப்பு என்று தட்டில் ஐந்து நிறம். தோழர் அவரை ‘மாமாய்’ என்று அழைத்தார். ‘என் தாயே’ என்று பொருளாம். வயது முதிர்ந்த பெண்டிரையெல்லாம் அப்படி அழைப்பது மரபு. யாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் சிறுமியாய் இருந்தபொழுது அந்த மலைச்சரிவு முழுவதும் ஒரு நிலக்கிழாருக்குச் சொந்தம். அவர் தகப்பனார் முறைவந்த வாரங்களில் பெரியவீட்டுக்குப் போய்க் கூலியின்றி ஊழியஞ் செய்து, வாயிற்படிக்கு அருகிலேயே படுத்துறங்குவாராம். அவ்வூழியத்திற்குப் ‘போங்கோ’ என்று பெயர்.

“கணக்கு யார் வைத்திருந்தார், மாமாய்?” என்று கேட்டோம்.

“பெரியவீட்டு எழுத்தன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தன் வாசித்ததுதான் கணக்கு” என்றார்.

தோழர் எம்மைச் சுட்டி, இவரும் எழுத்தர்தாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். மூதாட்டி எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். கோபமில்லை. “உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கைக் காட்டுகிறீர்களா?” என்று கேட்டார்.

காட்டுகிறோம் என்றோம். மாதந்தோறும் அச்சிட்ட சம்பளச் சீட்டு ஆளுக்கொன்று கொடுக்கிறோம் என்றோம். அவர் விடவில்லை. “அவர்கள் அதைப் படிப்பார்களா?”

எமது தோட்டத்தில் இன்று செம்பனைக் குலை வெட்டுவோருள் நம்மவர் சிலர். வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் பலர். சீட்டு மலாயில் உள்ளது. இந்தோனேசியர் படித்துக்கொள்வர். மற்றவர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர். பிடித்தம் என்ன, எதற்கு என்று கேட்பவர் ஜன்னலண்டை வந்து விரலால் சுட்டுவர்; யாம் கையால் ஜாடை காட்டுவோம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி, தோழர் கெச்சுவாவில் சொல்லி முடிப்பதற்குள் கிழங்கு ஆறிவிட்டது. மூதாட்டி ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு கிழங்கை எம் தட்டில் வைத்தார்.

1969-ஆம் ஆண்டு ஜூன் 24-இல் வெலாஸ்கோ அரசாங்கம் நிலச்சீர்திருத்தச் சட்டம் போட்டு, பெரிய நிலக்கிழார்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னரே, 1960-களின் தொடக்கத்தில், அதே ஆற்றின் கீழ்ப்பகுதியாகிய லா கன்வென்சியோனில் குடியானவர் சங்கங் கட்டி, இலவச ஊழியம் செய்ய மறுத்து நின்றனர். சட்டம் மேலேயிருந்து வந்தது என்பது பாதி உண்மையே. எழுத்தறியாதவருக்கு வாக்குரிமையோ அதற்கும் பின்னர், 1979-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தால்தான் வந்தது; மாமாயின் தகப்பனார் போன்றோர் 1980-இல்தான் முதன்முறை வாக்களித்தனர். அதே 1980-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் இருபதாண்டுக்குள் ஏறத்தாழ 69,000 பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர் என்று 2003-இல் விசாரணைக் குழு அறிவித்தது. அவருள் நாலில் மூவர் கெச்சுவா முதலிய மலைமொழிகளைத் தாய்மொழியாக உடையோர். இராணுவமும் கொன்றது, கிளர்ச்சிக்காரரும் கொன்றனர்.

எல்லாரும் போகும் மச்சு பிச்சுவுக்கு யாமும் போனோம். அதனைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை ஆதலின் விட்டுவிடுகிறோம். போகும் வழியைப் பற்றி மட்டும் ஒன்று.

அங்கே இருப்புப்பாதையின் 82-ஆம் கிலோமீட்டரில் பழைய இன்கா நடைபாதை தொடங்குகிறது. நான்கு நாள் நடை. கூடாரம், அடுப்பு, அரிசி, நாற்காலி யாவும் சுமையாட்கள் முதுகில். அப்பாதையில் நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி. அவ்வைந்நூற்றுவரில் பிரயாணிகளைவிடச் சுமையாட்களும் வழிகாட்டிகளுமே அதிகம். முற்காலத்தில் 40 கிலோவுக்கு மேலும் ஏற்றுவார்களாம். 2001-இல் சுமையாட்களுக்கென ஒரு சட்டம் பிறந்து, ஆளுக்கு 20 கிலோவுக்கு மிஞ்சலாகாது என்று வரம்பு கட்டிற்று. சுமையாட்கள் தாமே சங்கமாகச் சேர்ந்து கேட்டுப் பெற்ற சட்டம். ஆகவே சோதனைச் சாவடியில் ஒரு தராசு தொங்குகிறது.

அத்தராசின் பக்கத்தில் யாம் ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றோம். எம்மோடு ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் பனிச்சிகரத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தனர். ஒவ்வொருவராக மூட்டையைக் கொக்கியில் மாட்டுகின்றனர். முள் ஆடி நிற்கிறது. மேசையருகே உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஒருவர் புத்தகத்தில் எழுதுகிறார். சாவடியைக் கடந்தபின் மூட்டைகள் கனத்துவிடுவதும் உண்டென்று தோழர் காதோடு சொன்னார். எம் கண்முன்னே ஒரு மூட்டை 23-இல் நின்றது. எழுதுபவர் தலையாட்டினார். கூட்டத்தலைவர் ஏதோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தின்மேல் கையை வைத்து ‘எழுத வேண்டா’ என்பதுபோல் புன்னகைத்தார். எழுதுபவர் அந்தக் கையைப் புத்தகத்திலிருந்து மெல்ல எடுத்து அப்பால் வைத்தார். மூட்டையைப் பிரித்து ஓர் எரிவாயுக் குப்பியை வெளியே எடுத்தார்கள். முள் 19-க்கு இறங்கிற்று. இளைஞர் எழுதினார். பின்பு புத்தகத்தைத் திருப்பிச் சுமையாளிடம் காட்டினார். அந்த மனிதர் குனிந்து, விரலை எண்ணின்மேல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, தலைவாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஏறத் தொடங்கினார்.